முயல் மசால் விதை: வெந்நீரில் போடுவதா, அப்படியே தூவுவதா?

கொறங்காட்டான்:

வணக்கம். மூலனூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு, இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல், தரையில் கொழுக்கட்டைப் புல். புல்லுக்குக் குறையில்லை. ஆனால் பயறு வகைச் செடி எதுவும் அதோடு கலந்து வளரவில்லை, மாட்டுக்குப் புரதம் போதவில்லை, பிண்ணாக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் வருகிற ஐப்பசி மழைக்கு முயல் மசால் தூவலாம் என்று விதையும் வாங்கிவிட்டேன்.

வாங்கிய விதையில் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்தேன். சில விதைகள் இரண்டு மூன்று நாளில் ஊதி முளைவிட்டன. மீதியெல்லாம் போட்டபடியே மஞ்சளாக மினுமினுவென்று கிடக்கின்றன, ஒரு வாரத்துக்கு மேல் ஈரத்திலேயே இருந்தும் அளவு மாறவில்லை, நகமும் இறங்கவில்லை. அதில் ஒரு விதையை மட்டும் ஊசி முனையால் லேசாகக் கீறி மறுபடி ஈரத்தில் வைத்தேன். மறுநாளே ஊதிவிட்டது!

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெந்நீரில் போட்டு எடு என்கிறார் ஒருவர். ஆசிட்டில் போட்டுக் கழுவினால்தான் முழுசாக முளைக்கும் என்கிறார் இன்னொருவர். எங்கள் அப்பாரு, "ஒண்ணும் பண்ணாதே, தூவிவிடு, வர வேண்டிய நேரத்துக்கு அதுவா வரும்" என்கிறார். அவர் மேய்ச்சல் நிலத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவர், சும்மா தள்ளிவிட முடியாது.

இந்த விதை ஏன் இப்படி இருக்கிறது, இதை யாராவது உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்களா? செய்முறை மட்டும் வேண்டாம், காரணமும் தெரிய வேண்டும். காரணம் தெரிந்தால் எங்கள் காட்டுக்கு எது சரி என்று நானே யோசித்துக்கொள்வேன்.

விதைமேசை:

நல்ல கேள்வி. ஊசியால் கீறிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் ஒன்று. ஈரத்தில் ஊதாமல் கிடக்கும் விதை செத்த விதை அல்ல. செத்த விதையும் தண்ணீர் குடிக்கும், ஊதும், அப்புறம் கொழகொழவென்று அழுகிப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் துணியில் கிடப்பது தண்ணீரையே உள்ளே விடாத விதை. விதைப் பரிசோதனைக் கூடத்தில் முளைத்தவை, செத்தவை என்று இரண்டோடு நிறுத்த மாட்டோம், கடின விதை என்று மூன்றாவதாகத் தனியே எண்ணி எழுதுவோம். நான் நிறைய காலம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன், அதனால் இது மனதுக்கு நெருக்கமான விஷயம்.

இதை ஆராய்ந்திருக்கிறார்களா என்றால், ஒரு நூற்றாண்டுக்கும் குறையாமல் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது, ஏனென்றால் அந்த நாடுகளின் ஆட்டு மந்தைகளே குளோவர் போன்ற பயறு வகைப் புல்வெளிகளை நம்பித்தான் பெருகின. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இவோன் ஏட்கன் என்ற பெண் விஞ்ஞானி சப்டெரேனியன் குளோவரின் (சுருக்கமாக சப் குளோவர்) கடின விதைகளைப் பற்றி 1939இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் அவர் பயிர்கள் எந்தத் தட்பவெப்பத்தில் எப்போது பூக்கின்றன என்பதில் இறங்கி அதில்தான் அதிகம் பேர் வாங்கினார், ஆனால் அவரது தொடக்கம் இந்தப் பிடிவாதமான விதைத்தோல்தான்.

தோலில் என்ன இருக்கிறது என்றால், வெளிப்புறத்தில் நெட்டுக்குத்தாக நெருக்கியடித்து நிற்கும் செல்களின் வரிசை ஒன்று. விதை முற்றிக் காயும்போது அந்த வரிசை நீர் புகாததாக மாறிவிடும். சரி, தோல் நீர் புகாததாகிவிட்டால் உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் எப்படி வெளியேறும்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வருகிறது. நியூசிலாந்தில் ஹைட் என்பவர் வெள்ளைக் குளோவர், சிவப்புக் குளோவர், லூபின் ஆகிய பயறுச் செடிகளின் விதைகளை எடுத்துக்கொண்டு, காயோடு விதை ஒட்டியிருந்த இடத்துத் தழும்பை நுண்ணோக்கியில் கவனித்தார். அவரது கட்டுரை 1954இல் வந்தது. அந்தத் தழும்பின் நடுவே மெல்லிய பிளவு ஒன்று இருக்கிறது. வெளிக்காற்று உலர்ந்திருந்தால் பிளவு திறக்கிறது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே போகிறது. காற்றில் ஈரம் ஏறினால் பிளவு மூடிக்கொள்கிறது, வெளி ஈரம் உள்ளே வர வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு. இதனால் அந்த விதை தான் சந்தித்ததிலேயே மிக உலர்ந்த காற்று எதுவோ அந்த அளவுக்குக் காய்ந்து, அதற்குமேல் ஈரமான காற்று பட்டாலும் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. உயிருள்ள ஒரு பொருள் நெல்மணியைவிடச் சிறிய இடத்தில் இப்படியொரு ஏற்பாட்டை வைத்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடுத்த கேள்வி, பூட்டிய கதவு எப்படித் திறக்கும் என்பது. மேற்கு ஆஸ்திரேலிய வேளாண்மைத் துறையில் இருந்த குயின்லிவன் இதைப் பிடித்தார். அங்கே கோடையில் வெறும் தரையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும், இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும். அவர் 1961இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சீரான வெப்பத்தில் வைத்த விதைகளையும் 15 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே நாள்தோறும் ஏறி இறங்கும் வெப்பத்தில் வைத்த விதைகளையும் ஒப்பிட்டார். ஏறி இறங்கும் வெப்பம்தான் விதையை வேகமாக இளக்கியது. அதாவது கோடை முழுக்கப் பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்கித் தாக்கி, தழும்புக்குப் பக்கத்தில் லென்ஸ் என்கிற சின்ன மேட்டில் தோல் நெகிழ்ந்து விடுகிறது, அந்த இடம் வழியாகத் தண்ணீர் நுழைகிறது.

பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆஸ்திரேலிய அரசு ஆராய்ச்சி நிறுவனத்தில் டெய்லர் என்பவர் 1981இல் இதை இன்னும் பிரித்துக் காட்டினார். சப் குளோவரில் இளகுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்துக்கு வெப்பம் இருந்தால் போதும், ஏற்ற இறக்கம் தேவையில்லை. அந்தத் தயாரிப்பு முடிந்த விதைகள்தான் இரண்டாம் கட்டத்தில் ஏற்ற இறக்கத்துக்கு வாய் திறக்கின்றன. கோடை தொடங்கினவுடன் எல்லா விதையும் திறந்துவிடாமல் கோடையின் பிற்பகுதியில்தான் பெரும்பாலும் திறக்கின்றன என்பதற்கு இது காரணம்.

இப்போது உங்கள் அப்பாருவின் பேச்சை மறுபடி படித்துப் பாருங்கள். "வர வேண்டிய நேரத்துக்கு அதுவா வரும்." குயின்லிவன் ஆய்வுக்கூடத்தில் அளந்ததும் அதுதான்.

கோதுமைக்காடு_பெர்த்:

நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் பகுதியில் வேலை செய்கிறேன், இந்த சப் குளோவர் நாள்தோறும் காலில் மிதிபடுகிற செடி, அதனால் இதை நேரில் பார்ப்பவனாகச் சில விஷயம் சேர்க்கிறேன்.

இது மத்தியதரைக் கடல் பகுதிச் செடி. யாரும் திட்டமிட்டுக் கொண்டு வரவில்லை, எதோடோ ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மவுண்ட் பார்க்கர் அருகே ஏமஸ் ஹோவர்ட் என்ற நாற்றங்கால்காரர் 1889இல் இதைக் கவனித்து, இது மேய்ச்சலுக்கு ஆகும் என்று பல வருடம் விடாமல் சொல்லிக்கொண்டும் விதை சேர்த்து விற்றுக்கொண்டும் இருந்தார். கூட சூப்பர் பாஸ்பேட் உரமும் சேர்ந்ததும் சத்தில்லாத மணல் நிலமெல்லாம் மேய்ச்சல் நிலமாயிற்று. பூ காய்த்ததும் காம்பு கீழ்நோக்கி வளைந்து நிலக்கடலை போலக் காயை மண்ணுக்குள் தள்ளும். ஆடு எவ்வளவு கடித்தாலும் விதை தப்பிவிடும்.

கடினத்தோல் ஏன் இங்கே உயிர்நாடி என்று ஒரு வருடம் இருந்து பார்த்தால் புரிந்துவிடும். இங்கே மழை குளிர்காலத்தில், கோடை எலும்பாகக் காயும். ஆனால் கோடை முடியப்போகிற பிப்ரவரி மார்ச்சில் எப்போதாவது ஒரு புயல் மழை வந்து தரையை நனைத்துவிட்டுப் போய்விடும், அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒரு சொட்டு இருக்காது. அந்த மழையை நம்பி முளைத்த குளோவர் எல்லாம் இரண்டு இலை விட்டுக் கருகும். பொய்ப் பருவம் என்று இங்கே விவசாயிகள் திட்டுவது இதைத்தான். இது ஒரு வருடத்துச் செடி, வேரில் உயிர் பிடித்து நிற்காது. எல்லா விதையும் அந்த மழைக்கே முளைத்துவிட்டால் அந்த வயலில் குளோவர் வம்சமே முடிந்தது. கடினமாக மிஞ்சிய விதைதான் ஏப்ரல் மே மாத உண்மையான மழைக்கும், சில சமயம் அடுத்த வருடத்துக்கும், அதற்கடுத்த வருடத்துக்கும் எழுந்து வருகிறது.

குயின்லிவன் இன்னொன்றும் கண்டார், விதைமேசை சார் அதைச் சொல்லவில்லை. செடி காய்க்கும் பருவம் மழையோடு நீண்டிருந்தால் விதைகள் அதிகம் கடினமாகின்றன, மழை சட்டென்று நின்று அவசரமாக முற்றினால் கடினத்தன்மை குறைகிறது. அதனால் ஒரே ரக விதை ஒரு வருடம் ஒரு மாதிரியும் அடுத்த வருடம் வேறு மாதிரியும் இருக்கும். கொறங்காட்டான், உங்கள் விதை எந்த ஊரில், எந்தப் பருவத்தில், தண்ணீர் கட்டி எடுத்ததா மானாவாரியா என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் துணியில் மிஞ்சிய கணக்குக்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம்.

இப்போது இங்கே சிலர் இந்த அறிவை நேர்மாறாகப் பயன்படுத்துகிறார்கள். செரடெல்லா போன்ற பயறுச் செடிகளின் காயை உடைக்காமல், தோலைச் சீண்டாமல், பிப்ரவரி வெயிலிலேயே தூவிவிடுகிறார்கள். தோலை இளக்குகிற வேலையை வெயில் செய்கிறது, மழை வரும்போது விதை தயாராக இருக்கிறது. இயந்திரத்தில் தோல் உரிக்கும் செலவு மிச்சம். கோடைவிதைப்பு என்றே இதற்குப் பெயர்.

கூடவே ஒரு எச்சரிக்கை, விதையைத் தாண்டிய விஷயம் என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. 1940களில் இங்கே குளோவர் மட்டுமே மேய்ந்த செம்மறிகள் கருத்தரிக்காமல் போயின, குட்டி தங்கவில்லை. ட்வால்கனப் என்ற ரகத்தில் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் ஒரு பொருள் அதிகம் என்று பின்னால் தெரிந்தது. அந்த ரகம் முளைப்பதிலும் பரவுவதிலும் கெட்டிக்காரச் செடி. ஆனாலும் அதை மாற்றிப் புதிய ரகங்கள் கொண்டு வர வேண்டியதாயிற்று. முயல் மசாலில் அப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. எந்தப் புதுச் செடியையும் ஒரே தீவனமாக வைக்காமல் புல்லோடு கலந்து வைப்பது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கொறங்காட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது.

வெந்நீர்க்கட்சி:

ஆராய்ச்சி எல்லாம் சரிதான், ஆனால் விதை வாங்கிய காசு? பாதி விதை இந்த வருடம் முளைக்காமல் மண்ணில் கிடந்தால் களை முந்திக்கொள்ளும், புல் மூடிவிடும், எறும்பு தூக்கிப் போய்விடும். எங்கள் பகுதியில் வேலி மசாலுக்கும் முயல் மசாலுக்கும் செய்வது ஒன்றுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, மூன்று நான்கு நிமிடம் விட்டால் 80 டிகிரிக்குப் பக்கமாக இறங்கும். அதில் விதையைக் கொட்டி நான்கைந்து நிமிடம். வடித்துப் பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறல். காலையில் நிழலில் உலர்த்தி மணலோடு கலந்து தூவுதல். நன்றாக முளைக்கிறது. காட்டுச் செடிக்கு அதன் வம்சம் முக்கியம், எனக்கு என் மாடு முக்கியம்.

உழவியல்_மாணவி:

வெந்நீர்க்கட்சி அண்ணா சொல்கிற செய்முறை சரியானதுதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இறைவைத் தோட்டத்துக்கும் கொறங்காட்டுக்கும் ஒரே பதில் கிடையாது என்று நினைக்கிறேன். தோட்டத்தில் தண்ணீர் உங்கள் கையில், முளைத்ததைக் காப்பாற்றிவிடலாம். அங்கே எல்லா விதைக்கும் வெந்நீர் போடுவது சரி. மானாவாரியில் முதல் மழைக்கு எல்லாம் முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் விதைப் பணம் மொத்தமும் போய்விடும்.

இன்னொன்று. பெர்த் அண்ணா சொன்னது கோடை காய்ந்து குளிர்காலத்தில் மழை பெய்கிற நாடு. நமக்கு அப்படி அல்ல. நமக்குப் பொருத்தமான ஆய்வும் ஆஸ்திரேலியாவிலேயே இருக்கிறது. வடக்குப் பிரதேசத்தில் கேத்தரின் என்ற ஊர், அங்கே நம்மைப் போலப் பருவமழை, அதற்கு முன் பல மாதம் கடும் வறட்சி. மக்கியன், மோட் என்ற இருவர் ஸ்டைலோ என்ற பயறு வகைத் தீவனச் செடிகளின் விதைகளை அங்கே நிலத்தில் வைத்து எப்போது இளகுகின்றன என்று பார்த்து 1982இல் எழுதினார்கள். அதில் ஒரு செடி ஸ்டைலோசாந்தஸ் ஹமாட்டா. நாம் முயல் மசால் என்று விதைக்கிற ஸ்டைலோக்களில் அதுவும் ஒன்று! மண்ணின் வெப்பம் எந்த உச்சம் வரை ஏறுகிறது என்பதோடு விதை இளகுவது சேர்ந்தே போகிறது, மழைக்கு முந்தைய கொடும் வெயில் மாதங்களில்தான் வேலை நடக்கிறது.

இதே மோட் 1979இல் இன்னொரு முறை சொன்னார், சூடான உலோகப் பரப்பில் விதையைச் சில நொடிகள் மட்டும் உருளவிட்டு எடுத்தாலே கடினத்தோல் இளகிவிடுகிறது என்று. தண்ணீரே வேண்டாம், உலர்த்தும் வேலையும் இல்லை. வீட்டில் தோசைக்கல்லில் முயன்று பார்க்காதீர்கள், வெப்பமும் நேரமும் கொஞ்சம் தப்பினால் விதை வெந்துவிடும்.

அப்புறம் ஆசிட். அடர் கந்தக அமிலத்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்வார்கள், வேலையும் செய்யும். வீட்டு முற்றத்தில் வேண்டவே வேண்டாம். தண்ணீரை அதில் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும், கண் போய்விடும். அதே வேலையை வெந்நீர் செய்யும்போது எதற்கு?

பட்டிக்காரர்:

தாராபுரம் பக்கம் செம்மறி வைத்திருக்கிறேன். நான் படித்தவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

பட்டி போட்டு மாற்றிய இடத்தில் மழை பெய்ததும் பாருங்கள், புழுக்கையில் இருந்து என்னென்னவோ முளைக்கும். வெள்வேல் காயை ஆடு விரும்பித் தின்னும், கொட்டை முழுசாக வெளியே வந்து அதிலிருந்து கன்று கிளம்பும். சீமைக் கருவேலம் ஊரெல்லாம் பரவினதும் இதே வழியில்தான். இப்போது நீங்கள் எல்லாம் சொல்வதைப் படித்ததும்தான் தோல் கெட்டியான விதை மட்டும் வயிற்றைத் தாண்டி வருகிறது என்று பிடிபடுகிறது. மெத்தென்ற விதை உள்ளேயே செரித்துவிடும். அப்படியென்றால் முயல் மசால் ஒரு தடவை காட்டில் காய்த்துவிட்டால் ஆடே அதை எடுத்துக்கொண்டு போய்த் தூவும். அதற்குத் தோல் கெட்டியாக இருப்பது நமக்கு லாபம். அதனால் முதல் வருடம் காய்த்து விதை கொட்டும்வரை அந்தப் பக்கம் மந்தையை விடாதீர்கள், கொட்டின பிறகு தாராளமாக விடுங்கள்.

இன்னொரு விஷயம். கொறங்காட்டானுக்கு கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே விட்டுப்போயிருக்கும், அதற்கும் சேர்த்து விதை போடுவீர்கள். தயவு செய்து புல் விதையை வெந்நீரில் போட்டுவிடாதீர்கள்.

விதைமேசை:

பட்டிக்காரர் சொன்ன கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதையும் அறுத்த உடனே சரியாக முளைக்காது, ஆனால் காரணம் முற்றிலும் வேறு. அதன் தோல் தண்ணீரைத் தடுக்கவில்லை. விதையைச் சுற்றியிருக்கும் அந்தப் பஞ்சு போன்ற உறையும், புது விதையின் உள்ளேயே இருக்கும் உறக்கமும்தான் தடை. அதற்கு மருந்து காலம். உலர்ந்த இடத்தில் பல மாதம் வைத்திருந்தால் தானே தெளிந்து முளைக்கும். வெந்நீரில் போட்டால் கருவே வெந்து போகும். முளைக்கவில்லை என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் நிறைய இடத்தில் விதையைக் கெடுக்கிறது. கடைக்காரர்கள் பல பேர் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

உங்கள் கொழுக்கட்டைப் புல்லை ஆஸ்திரேலியர்கள் பஃபல் புல் என்று கொண்டுபோய் வறண்ட நிலமெல்லாம் பரப்பினார்கள். மாட்டுக்கு நல்ல தீவனமாயிற்று, ஆனால் நடு ஆஸ்திரேலியாவில் அது காட்டுத் தீயைப் பெருக்கி உள்ளூர்ச் செடிகளை அழிக்கிறது என்று தெற்கு ஆஸ்திரேலிய அரசு 2015இல் அதைக் களை என்றே அறிவித்தது. நம் மண்ணில் இயல்பாக வளரும் புல் நம் கொறங்காட்டில் வேலிக்குள் அடக்கமாக இருப்பதும், அங்கே போய் அப்படி நடந்துகொள்வதும் யோசிக்க வைக்கிறது.

வெந்நீர்க்கட்சிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவலை நியாயமானது. எல்லாம் கடினமாகவே இருந்தால் முதல் வருடம் காடு வெறிச்சென்று இருக்கும், புல் இடம் பிடித்துவிடும், அப்புறம் வரும் கன்றுக்கு வெளிச்சம் இருக்காது. அதனால் கொறங்காட்டான், எனக்குத் தோன்றுவது இரண்டையும் கலப்பது. ஒரு பகுதி விதைக்கு வெந்நீர், ஐப்பசி மழைக்கு. இன்னொரு பகுதி அப்படியே, தோலைத் தொடாமல். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதை உங்கள் ஈரத்துணிதான் சொல்ல வேண்டும். எண்ணி நூறு விதை போடுங்கள். பாதிக்கு மேல் தானாக ஊதினால் வெந்நீர் கொஞ்சத்துக்குப் போதும். பத்தோ பதினைந்தோதான் ஊதுகிறது என்றால் பெரும்பகுதிக்குப் போடுங்கள்.

வெந்நீர் போடும் முன் மொத்த விதையையும் கொட்டிவிட வேண்டாம். ஒரு கைப்பிடிக்கு மட்டும் செய்து, மறுபடி நூறு எண்ணித் துணியில் கட்டிப் பாருங்கள். ஊதி அழுகினால் சூடு அதிகம், ஊதாமலே கிடந்தால் சூடு போதவில்லை.

கொறங்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்பாருவுக்குப் படித்துக் காட்டினேன், கேத்தரின் என்ற ஊரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார், அங்கே என்ன மாடு வளர்க்கிறார்கள் என்று.

ஒரு சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது. பெர்த் அண்ணன் சொன்ன கோடைவிதைப்பு நமக்கு ஆகுமா? பங்குனியில் தூவிவிட்டால் சித்திரை வைகாசி வெயில் தோலை இளக்கும், ஐப்பசிக்குத் தயாராகும் என்று கணக்குப் போடுகிறேன். ஆனால் எங்களுக்குச் சித்திரையில் கோடை மழை ஒன்றிரண்டு வரும், அதற்கு முளைத்துவிட்டுக் காய்ந்தால்? இன்னொன்று, வெள்வேல் நிழலில் விழும் விதைக்கும் வெட்டவெளியில் விழும் விதைக்கும் வித்தியாசம் இருக்குமா, எவ்வளவு ஆழம் போட வேண்டும்?

உழவியல்_மாணவி:

கோடை மழைதான் உங்களுக்குப் பொய்ப் பருவம். சித்திரை மழைக்குள் இளகிய விதை கொஞ்சம் போகும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த நேரத்துக்குள் எல்லாம் இளகியிருக்காது, மிச்சம் தப்பும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பங்குனி விதைப்பை ஒரு மூலையில் மட்டும் செய்து பார்ப்பேன், மொத்தக் காட்டையும் அதில் பந்தயம் வைக்க மாட்டேன். அந்த மூலையில் தூவும் முன் ஆடு மாடு விட்டுப் புல்லைக் கட்டையாக மேயவிடுங்கள். காய்ந்த புல் மூடியிருந்தால் தரை அவ்வளவு சூடேறாது, இளகுவது மெதுவாகும்.

நிழலுக்கும் அதே கணக்கு. வெட்டவெளியில் விழுந்தது சீக்கிரம் திறக்கும், வெள்வேல் அடியில் விழுந்தது பல காலம் மூடியே கிடக்கும். அது கெடுதல் இல்லை, ஒரே காட்டில் இரண்டு வேகத்தில் இளகும் விதை இருப்பது மானாவாரிக்கு நல்லதுதான்.

விதைமேசை:

ஆழம் பற்றி: உழுது புதைக்காதீர்கள். பகல் இரவு ஏற்ற இறக்கமெல்லாம் மேல்மண்ணில்தான், சில அங்குலம் கீழே போனாலே அது அடங்கிவிடும். டெய்லரும் ஈவிங் என்பவரும் குளோவர் விதைகளையும் மெடிக் என்ற இன்னொரு பயறுச் செடியின் விதைகளையும் புதைத்துப் பார்த்து 1988இல் எழுதியது இதுதான், ஆழமாகப் போன விதை இளகாமல் வருடக்கணக்கில் கிடக்கிறது. இளகினாலும் முயல் மசால் விதை பொடி, ஆழத்திலிருந்து தலை தூக்கி வர அதற்குச் சத்து போதாது. முள் கிளையை ஒரு தடவை இழுத்துவிட்டால் தேவையான மண் மூடிக்கொள்ளும். வெந்நீர் போட்ட விதையை நல்ல மழை பெய்து ஈரம் இறங்கிய மறுநாள் தூவுங்கள், அதை மூட்டையில் கட்டி அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது.